சென்னை–டெல்லி விமானத்தில் டீக்குத் தனிக் காசு: எதுவரை நியாயம்?

நங்கநல்லூர்வாசி

போன வாரம் அம்மாவை அழைத்துக்கொண்டு டெல்லியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு 74 வயது, சர்க்கரை உண்டு. காலை 5.40 விமானம். இரண்டரை மணிக்கே எழுந்து குளித்துக் கிளம்பினோம். எங்கள் வீட்டிலிருந்து மீனம்பாக்கம் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் சக்கர நாற்காலிக்குக் காத்திருந்தது, பாதுகாப்புச் சோதனை என்று நேரம் ஓடிவிட்டது. உள்ளே டீ வாங்கித் தர முடியவில்லை. சரி, மேலே போனதும் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

தள்ளுவண்டி வந்தது. "ஒரு டீ குடும்மா, சர்க்கரை வேண்டாம்" என்றார் அம்மா. அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்: "நூற்றைம்பது ரூபாய்மா, கார்டு மட்டும்தான்." அம்மா சுருக்குப்பையிலிருந்து ஒரு ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்து வைத்திருந்தார். அதை நான்காக மடித்துத் திரும்ப உள்ளே வைத்துக் கயிற்றை இழுத்தார். நான் கார்டை நீட்டினேன், என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். "நூத்தம்பது ரூபாய்க்கு டீ குடிச்சா எனக்குத் தொண்டையில இறங்காதுடா." டெல்லி இறங்கும் வரை கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை, எனக்குத் தெரியும்.

சாப்பாட்டுக்குக் காசு வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. பிரியாணி வேண்டியவர் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் இரண்டு பேருக்கும் பதினாறாயிரத்துக்கு மேல் டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள். விடியற்காலை விமானத்தில் வயதானவர்களுக்கு ஒரு கப் சூடான டீ கொடுக்கக்கூடவா அதில் இடமில்லை? மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சூலூர்ப் பையன்

அண்ணா, அம்மாவை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் நான் மறுபக்கம் பேசத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டில் முதலில் விமானம் ஏறியது அப்பா. விசைத்தறி ஓட்டியவர். 2006-ல் கோவையிலிருந்து ஏர் டெக்கானில் போனார். கேப்டன் கோபிநாத் 2003-ல் அந்த நிறுவனத்தைத் தொடங்கியபோது செய்த பெரிய காரியமே சாப்பாட்டையும் டீயையும் டிக்கெட்டிலிருந்து பிரித்ததுதான். வேண்டியவர் வாங்கலாம், வேண்டாதவர் எதற்காக அதற்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டும் என்று கேட்டார். அதனால்தான் எங்கள் அப்பா மாதிரி ஆட்கள் விமானப் படியில் கால் வைக்க முடிந்தது. 2005-ல் ஸ்பைஸ்ஜெட், 2006-ல் இண்டிகோ என்று அதே வழியில் வந்தவைதான் இன்று நாம் ஏறும் விமானங்களில் பாதிக்கு மேல்.

டீயை 'இலவசம்' ஆக்கினால் அந்தக் காசு எங்கே போகும்? டிக்கெட்டில் ஏறும். டீயே குடிக்காத ஆளும் சேர்த்துக் கட்டுவார்.

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்

தம்பி சொல்வதில் பாதி உண்மை. நான் அரசு வேலையில் இருந்தபோது எண்பதுகளில் மெட்ராஸ்–டெல்லி இந்தியன் ஏர்லைன்ஸில் பலமுறை போயிருக்கிறேன். ஏறியதும் ஒரு தட்டில் மிட்டாயும் காதில் வைக்கப் பஞ்சும் வரும். அப்புறம் டிபன், அப்புறம் காபி. எல்லாம் இலவசம் என்று இன்றைக்கும் பலர் ஏக்கத்தோடு சொல்கிறார்கள். அந்த டிக்கெட்டை நான் ஒருமுறைகூட என் கைக்காசில் வாங்கவில்லை. என்னோடு உட்கார்ந்திருந்தவர்களிலும் பெரும்பாலோர் அலுவலகக் கணக்கில் வந்தவர்கள்தான். என் மனைவியை விமானத்தில் அழைத்துப் போக எனக்கு 2007 வரை முடியவில்லை. அந்தக் காபியின் விலை எங்கள் துறையின் செலவுக் கணக்கில் இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. நான் 40 ஆண்டு கணக்குப் பார்த்தவன். ஒரு பொருளுக்கு விலை வைப்பது வேறு, வேறு கடைக்குப் போக முடியாத இடத்தில் உட்கார வைத்துவிட்டு விலை வைப்பது வேறு. முப்பதாயிரம் அடி மேலே எதிர்க்கடை கிடையாது. அங்கே சொல்லும் விலையைச் சந்தை விலை என்று நான் ஏற்கமாட்டேன்.

நங்கநல்லூர்வாசி

ஐயா சொன்னதுதான் என் மனதிலும் இருந்தது, எனக்கு இப்படிச் சொல்ல வரவில்லை.

சூலூர்த் தம்பிக்கு: ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். டீ பை, பால் பவுடர், காகிதக் கப், குச்சி எல்லாம் சேர்த்துக் கடையில் சில்லறையாக வாங்கினாலே பத்து ரூபாய். 186 பேர் உட்காரும் விமானத்தில் எல்லோருக்கும் கொடுத்தாலும் 1,860 ரூபாய். ஆளுக்கு ஐயாயிரம் என்று வைத்தாலும் அந்த ஒரு பயணத்தில் ஒன்பது லட்சத்துக்கு மேல் வருகிறது. டீயால்தான் டிக்கெட் விலை ஏறும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

முன்னாள் கேபின் பெண்

நான் ஆறு வருடம் ஒரு சிக்கன விமான நிறுவனத்தில் கேபின் குழுவில் வேலை பார்த்தவள். எந்த நிறுவனம் என்று சொல்ல விரும்பவில்லை. நங்கநல்லூர் அண்ணா போட்ட கணக்கு டீ பையோடு நின்றுவிடுகிறது. செலவு இருக்கும் இடம் வேறு.

சென்னை–மதுரை எடுத்துக்கொள்ளுங்கள். கதவு மூடியதிலிருந்து திறக்கும் வரை ஒன்றேகால் மணிக்குள். மேலேறிப் பெல்ட் விளக்கு அணைய வேண்டும், இறங்க ஆரம்பிக்கும் முன் எல்லாவற்றையும் அள்ளி உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும். நடுவில் எங்களுக்குக் கிடைப்பது முப்பது நிமிடம் இருந்தால் அதிகம். நான்கு பேர், 180 பயணிகள். விமானத்தின் சமையல் சிற்றறையில் இருக்கும் கொதிகலன் ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் தண்ணீர் தரும். அது தீர்ந்தால் மறுபடி சூடாகக் காத்திருக்க வேண்டும். எல்லோருக்கும் டீ என்றால் மதுரை விமானத்தில் நிச்சயமாக முடியாது. டெல்லி விமானத்தில் முடியும்.

அப்புறம் குப்பை. 180 கப், 180 டீ பை, கொட்டிய பால். தரையிறங்கி அரை மணிக்குள் அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டிய விமானம் அது. சிக்கன நிறுவனங்கள் பிழைப்பதே அந்த அரை மணியை நம்பித்தான். துப்புரவுக்குப் பத்து நிமிடம் கூடினால் நாள் முழுவதும் அந்த விமானம் தாமதம். சூடான திரவம் என்பதால் இன்னொரு பயமும் உண்டு. குலுங்கினால் மடியில் கொட்டும். ஒரு குழந்தையின் தொடையில் டீ கொட்டி நான் பனிக்கட்டி வைத்து உட்கார்ந்திருந்த நாள் இன்னும் மறக்கவில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு விற்பனை இலக்கு இருந்தது. மாதக் கடைசியில் யார் எவ்வளவு விற்றார்கள் என்று பட்டியல் வரும், விற்றதில் ஒரு சிறு பங்கும் வரும். விலையைக் கேட்டுவிட்டுப் பர்ஸை மூடும் பெரியவர்களை நான் தினமும் பார்த்தேன். அண்ணனுடைய அம்மா அந்தத் தாளை மடித்த விதத்தைப் படித்தபோது எனக்குச் சட்டென்று அத்தனை முகங்களும் நினைவுக்கு வந்தன. குழந்தைக்குப் பால் கலக்க வெந்நீர் கேட்டால் எப்போதும் காசில்லாமல் கொடுத்தோம். பெரியவர்கள் கேட்டால் அன்றைக்கு இருக்கும் குழுவின் மனசைப் பொறுத்தது. நான் கொடுத்தேன். கொடுக்காதவர்களும் இருந்தார்கள், அவர்களைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை.

சர்க்கரை உள்ளவர்கள் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். படபடப்பு, வியர்வை என்று வந்தால் கூச்சப்படாமல் அழைப்பு பட்டனை அழுத்திச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் யாரும் விலைப்பட்டியலைப் பார்க்கமாட்டார்கள்.

குன்னூர்த் தேயிலை

நான் தேயிலைத் தொழிலில் இருப்பவன். ஒரு விஷயம் சொல்கிறேன். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதுபோல் இருக்காது. ஏழாயிரம், எட்டாயிரம் அடி உயரத்தில் நிற்பதுபோல்தான் வைத்திருப்பார்கள். ஊட்டி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கருப்புத் தேயிலைக்கு நூறு டிகிரியை ஒட்டிய தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் சாயம்தான் இறங்கும், சாரம் முழுதாக இறங்காது. உள்ளே காற்று வேறு மிகவும் காய்ந்திருக்கும். மூக்கு வறண்டு மணம் பிடிபடாது, நாக்குக்கு இனிப்பும் உப்பும் குறைவாகவே தெரியும். அதனால் எவ்வளவு நல்ல தூளைப் போட்டாலும் அது தண்ணியாகத்தான் தோன்றும். நூற்றைம்பது ரூபாய் கொடுத்துக் குடித்தவர் ஏமாந்ததாக நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நீலகிரியில் நாங்கள் ஈடுகட்டத் தூளைக் கூடப் போட்டு அதிக நேரம் கொதிக்க விடுவோம். விமானத்தில் அதற்கு வழியில்லை, பையைக் கூடுதலாக இரண்டு நிமிடம் ஊற விடலாம்.

லண்டன் தமிழச்சி

இங்கே இதே சண்டை 2017-ல் நடந்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் குறுந்தூர எகானமியில் அதுவரை டீ, சாண்ட்விச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஜனவரியில் நிறுத்திவிட்டு, மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் பொருட்களை விற்க ஆரம்பித்தார்கள். டீ 2.30 பவுண்ட். பிரிட்டிஷ்காரர்களிடம் டீக்குக் காசு கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். என்னோடு வேலை பார்த்த எடின்பரோக்காரர் ஒருவர் வாரா வாரம் ஊருக்குப் பறப்பவர், மாதக்கணக்கில் இதையே பேசிக்கொண்டிருந்தார். அவர் வாதம் எனக்கு நியாயமாகப் பட்டது: மலிவு விமானம் என்று சொல்லிக் காசு வாங்கினால் சரி, தெரிந்துதான் ஏறுகிறோம். சாப்பாடெல்லாம் சேர்த்துத் தரும் முழுச் சேவை நிறுவனத்தின் டிக்கெட் விலையை வாங்கிக்கொண்டு மலிவு விமானத்தின் சேவையைக் கொடுத்தால் அது வேறு.

பிறகு கொரோனா காலத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலும் சின்னத் தின்பண்டமும் திரும்ப வந்துவிட்டன. டீ மட்டும் வரவில்லை.

சூலூர்ப் பையன்

லண்டன் அக்கா சொன்னதுதான் முக்கியமான கோடு. நம் ஊரில் முழுச் சேவை நிறுவனமான ஜெட் ஏர்வேஸும் கடைசிக் காலத்தில், 2018 கடைசியிலும் 2019 தொடக்கத்திலும், குறைந்த விலை டிக்கெட்டுகளுக்கு இலவசச் சாப்பாட்டை நிறுத்தியது. 2019 ஏப்ரலில் பறப்பதே நின்றுபோனது. ஏர் இந்தியாவும் 2017-ல் உள்நாட்டு எகானமியில் அசைவத்தை எடுத்துவிட்டது. பணம் இல்லாத வீட்டில் முதலில் கை வைப்பது சமையலறையில்தான்.

உறையூர் ராத்திரி

திருச்சி–கோலாலம்பூர் பாதையில் நான் அடிக்கடி போகிறவன். டீயை விட்டுத்தள்ளுங்கள், அங்கே வேறொரு கஷ்டம் இருக்கிறது. அந்தப் பக்கம் ஓடும் சில சிக்கன நிறுவனங்கள் வெளிச் சாப்பாட்டை விமானத்துக்குள் பிரிக்கவே விடுவதில்லை. விதியிலேயே இருக்கிறது.

இரண்டு வருடம் முன்பு எனக்குப் பக்கத்து இருக்கையில் ராமநாதபுரம் பக்கத்துப் பையன். முதல் பயணம், கட்டட வேலைக்குப் போகிறான். ராத்திரி விமானம், நான்கு மணி நேரம். பையிலிருந்து வாழையிலையும் செய்தித்தாளும் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தான். நூலை அவிழ்த்ததும் புளிச்சோற்று வாசனை வந்தது. கேபின் பெண் வந்து, "வெளிச் சாப்பாடு இங்கே அனுமதி இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவனுக்கு மொழி புரியவில்லை, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்பது மட்டும் புரிந்தது. நான் தமிழில் சொன்னதும் அப்படியே நூலைச் சுற்றி உள்ளே வைத்துக்கொண்டான். அவன் கையில் மலேசியப் பணமான ரிங்கிட் கிடையாது. நான் ஒரு கப் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் அண்ணே, வேண்டாம் அண்ணே என்று பத்து முறை சொல்லிவிட்டுத்தான் சாப்பிட்டான். அவன் அம்மா கட்டிக் கொடுத்த சோறு மடியில் இருந்தது.

விற்கட்டும், நான் தடுக்கவில்லை. ஏர் ஏஷியாவின் நாசி லெமாக்கை, அதாவது தேங்காய்ப்பால் சோற்றை, நானே விரும்பிச் சாப்பிடுவேன். ஆனால் விற்பவனே வீட்டுச் சாப்பாட்டுக்கும் தடை போட்டால் அதற்கு என்ன பெயர்?

முன்னாள் கேபின் பெண்

உறையூர் அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. வாசனை, ஒவ்வாமை, சுத்தம் என்று அந்த விதிக்குக் காரணம் சொல்வார்கள். கடலை ஒவ்வாமை உள்ள ஒரு குழந்தை பக்கத்தில் இருந்தால் அது நிஜமான ஆபத்துதான். ஆனால் அதே விமானத்தில் முந்திரியையும் விற்கிறார்கள் என்பதால் அந்தக் காரணத்தை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. நம் உள்நாட்டு விமானங்களில் வீட்டிலிருந்து இட்லி, சப்பாத்தி கொண்டுவந்து சாப்பிட்டால் நாங்கள் ஒன்றும் சொன்னதில்லை.

ரயில் நேசன்

ரயிலிலும் இது நடந்தது. 2022 ஜூனில் டெல்லி–போபால் சதாப்தியில் ஒருவர் டீ வாங்கினார். டீ 20 ரூபாய், சேவைக் கட்டணம் 50, மொத்தம் 70 என்று ரசீது. முன்பதிவின்போது சாப்பாடு வேண்டாம் என்று சொன்னவர்களிடம் வண்டியில் கேட்டால் 50 ரூபாய் கூடுதலாக வாங்கலாம் என்று விதி இருந்தது. ரசீதைப் படம் எடுத்துப் போட்டார், நாடே பேசியது. அடுத்த மாதமே டீ, காபிக்கு மட்டும் அந்தக் கூடுதல் கட்டணத்தை நீக்கிவிட்டார்கள். சாப்பாட்டுக்கு நீக்கவில்லை. அதாவது டீயும் சாப்பாடும் ஒன்றல்ல என்று ரயில்வேயே ஒப்புக்கொண்டிருக்கிறது. கேட்டால் நடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பல்லாவரம் பார்வை

விமான நிலையத்தையும் மறக்க வேண்டாம். 2018-ல் ப. சிதம்பரம் சென்னை விமான நிலையத்தில் டீ கேட்டபோது வெந்நீரும் ஒரு டீ பையும் கொடுத்து 135 ரூபாய் என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டதாக அவரே எழுதினார். நிதியமைச்சராக இருந்தவருக்கே தொண்டையில் இறங்கவில்லை என்றால் நங்கநல்லூர் அம்மா சொன்னதில் என்ன தப்பு? 2024-ல் கொல்கத்தாவில் அதே வெந்நீருக்கும் பைக்கும் 340 ரூபாய் என்று மறுபடி எழுதினார்.

இப்போது கொஞ்சம் மாற்றம் உண்டு. 'உடான் யாத்ரி கஃபே' என்று மலிவுக் கடை 2024 டிசம்பரில் கொல்கத்தாவில் திறந்தார்கள், 2025 பிப்ரவரியில் சென்னை உள்நாட்டு முனையத்திலும் வந்தது. டீ 10, தண்ணீர் 10, காபி 20, சமோசா 20 என்று தொடங்கினார்கள். கடை செக்-இன் பகுதிக்கு முன்னாலேயே இருக்கிறது. உள்ளே போய்விட்டுத் தேடினால் கிடைக்காது, அதனால் முதலிலேயே குடித்துவிடுங்கள்.

விதிப்புத்தகம்

பலருக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள்.

டிக்கெட்டிலிருந்து எதையெல்லாம் பிரித்துத் தனிக் கட்டணம் வாங்கலாம் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) ஒரு சுற்றறிக்கை போட்டிருக்கிறது. விரும்பிய இருக்கை, பெட்டி, சாப்பாடு, தின்பண்டம், பானம் எல்லாம் அதில் உண்டு. பானம் என்ற இடத்தில் 'குடிநீர் தவிர' என்று எழுதியிருக்கிறார்கள். ஆக, குடிநீருக்குக் காசு கேட்க முடியாது. மற்றவை எல்லாம் பயணி தானாகக் கேட்டால் மட்டும்தான், அவர்களாகவே டிக்கெட்டில் சேர்த்துவிடக் கூடாது.

இரண்டாவது, தாமதம். இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் விமானம் இரண்டு மணி தாமதமானால் சாப்பாடோ சிற்றுண்டியோ நிறுவனம் தர வேண்டும். இரண்டரை முதல் ஐந்து மணி வரை பறப்பதற்கு மூன்று மணி தாமதம். மதுரை, கோவை எல்லாம் முதல் வகை. சென்னை–டெல்லி இரண்டாவது வகையில் வரும். நேரத்துக்குச் செக்-இன் செய்திருக்க வேண்டும். அவர்களாகக் கொடுக்கும் வரை காத்திருக்காதீர்கள், கவுன்டரில் போய்க் கேளுங்கள்.

நங்கநல்லூர்வாசி

விதிப்புத்தகம் ஐயாவுக்கு மிக்க நன்றி. நீங்கள் எழுதியதில் 'குடிநீர் தவிர' என்ற வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். குடிநீர் என்றால் குளிர்ந்த தண்ணீர் மட்டும்தானா? எங்கள் வீட்டில் அம்மா வெந்நீர்தான் குடிக்கிறார், பல வருடமாக. நம் வீடுகளில் பாதிப் பெரியவர்களுக்குக் குடிநீரே வெந்நீர்தான். இனி நான் டீ கேட்கப் போவதில்லை. கேபின் தங்கை சொன்ன நேரக் கஷ்டமும் குப்பைக் கஷ்டமும் எனக்குப் புரிகிறது. வெந்நீர் கேட்கிறவருக்கு ஒரு கப் வெந்நீர் காசில்லாமல் கொடுக்க வேண்டும் என்பதை எல்லா நிறுவனங்களும் எழுத்தில் வைக்கட்டும். குழுவின் மனசைப் பொறுத்து என்று விட வேண்டாம். இதை இயக்குநரகத்துக்கு மனுவாக எழுதப் போகிறேன், உதவ முடிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்

எழுதுங்கள், நான் திருத்தித் தருகிறேன். விலைப்பட்டியலை டிக்கெட் வாங்கும்போதே காட்ட வேண்டும், ரொக்கமும் வாங்க வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்டு இல்லாத பெரியவர் காசு வைத்திருந்தும் எதுவும் வாங்க முடியாமல் உட்கார்ந்திருப்பது எனக்கு டீ விலையைவிட அதிகமாக உறுத்துகிறது.

சூலூர்ப் பையன்

வெந்நீர் என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன் அண்ணா. அதற்கு டிக்கெட்டில் ஒன்றும் ஏறாது.

நங்கநல்லூர்வாசி

நேற்று அம்மாவோடு திரும்பி வந்துவிட்டேன். அதே நிறுவனம், மாலை விமானம். தங்கை வீட்டிலிருந்து சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டோம். அம்மா சுக்கு, மல்லி, மிளகு இடித்த பொடியை ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடுத்துவந்தார். வண்டி வந்ததும் நான் எழுந்து, "அம்மாவுக்குக் குடிக்க வெந்நீர் மட்டும் வேண்டும்" என்று கேட்டேன். அந்தப் பையன் ஒரு நொடி யோசித்தான். பிறகு ஒரு கப்பில் முக்கால் அளவு ஊற்றி மூடி போட்டுக் கொடுத்தான், காசு கேட்கவில்லை. அம்மா பொடியைப் போட்டு, கலக்கக் குச்சி இல்லாததால் சப்பாத்தி கட்டியிருந்த காகிதத்தைச் சுருட்டிக் கலக்கினார். ஊதி ஊதிக் குடித்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பஞ்சாபி அம்மாள் வாசனை பிடித்து இது என்ன என்று கையால் கேட்டார். அம்மா டப்பாவை நீட்டினார். நான் மறுபடி போய் இன்னொரு கப் வெந்நீர் வாங்கி வந்தேன்.

முன்னாள் கேபின் பெண்

அண்ணா, அந்தப் பொடிக்கு அளவு சொல்லச் சொல்லுங்கள். மல்லி எத்தனை பங்கு?

நங்கநல்லூர்வாசி

கேட்டுவிட்டேன். சுக்கு ஒரு பங்கு, மல்லி இரண்டு பங்கு, மிளகு கால் பங்கு. மல்லியை மட்டும் லேசாக வறுக்க வேண்டுமாம்.